ஏரிக்கரையில் வேட்டையைக் கவனிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் ஏரிக்கு முதன்முறையாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். கரையில் ஏறியதும் பைனாகுலரைத் தூக்கி வானத்தில் பருந்தைத் தேடுகிறார்கள். பருந்து தாழ்வாக வந்து, பாய்ந்து, போய்விட்ட பிறகு “எங்கே, எங்கே” என்று கேட்கிறார்கள்.

வேட்டையாடியைக் கண்டுபிடிக்கும் வேலையை ஏரியிலுள்ள நாமக்கோழியும் (நெற்றியில் வெள்ளை நாமமுள்ள கறுப்பு நீர்ப்பறவை) வாத்தும் உள்ளானும் (சேற்றில் மேயும் பறவை) நமக்கு முன்பே செய்து முடித்திருக்கும். உயிர் போகும் விஷயம் என்பதால் அவை அதில் தவறுவது குறைவு. அவற்றின் கழுத்து, அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளி, அவற்றின் குரல் ஆகியவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பருந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தானே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அதற்கான பயிற்சிதான்.

ஒரு காலத்தில் வாத்து சுடப் போனவர்கள் காற்று பார்த்தார்கள், வெளிச்சம் பார்த்தார்கள், விடியுமுன் மறைந்து உட்கார்ந்து அசையாமல் காத்திருந்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டையைத் தடைசெய்த அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகு துப்பாக்கிக்கு இங்கே இடமில்லை. ஆனால் அந்த ஒழுங்கு முழுவதும் கவனிப்பவருக்கும் வேண்டும். கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு அடித்தளம்.

நான் சொல்வது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் மனதில் வைத்து. வேறு மாவட்டத்தில் இருப்பவர்கள் திசைகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஏரியையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தல்

வலசை வாத்துகள் அக்டோபர், நவம்பரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. ஆனால் வந்தவுடன் போய்ப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி இருக்கும்போது தண்ணீர் எங்கும் பரந்து கிடக்கும், பறவைகளும் சிதறிக் கிடக்கும். பருந்து எங்கோ தூரத்தில் வேட்டையாடிக்கொண்டிருக்கும்.

ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். பாசனத்துக்கு மதகு திறந்து தண்ணீர் வடிய வடிய உள்வாயில் (கரைக்கு எதிரே ஆழம் குறைந்த ஓரத்தில்) சேறு தெரியும். அங்கே உள்ளான்கள் இறங்கும். மீதித் தண்ணீரில் வாத்தும் நாமக்கோழியும் நெருங்கிச் சேரும். இரை ஓரிடத்தில் குவிந்தால் வேட்டையாடியும் அங்கேதான் வரும்.

ஏரியில் மூன்று வகை இடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்: திறந்த நீர், சம்புப் புதர் (கோரைபோல் நெடிதாக வளரும் நீர்ச்செடி), சேற்றுத் திட்டு. சம்புவுக்கு மேலே தாழ்வாகப் பறந்து இரை தேடும் சேற்றுப் பூனைப்பருந்து, சம்பு இல்லாத ஏரியில் அதிக நேரம் தங்காது. ஆகாயத்தாமரை முழுவதும் மூடிய ஏரியில் வாத்து உட்காராது.

வேடந்தாங்கல் மரத்தில் கூடுகட்டும் பறவைகளைப் பார்க்கச் சிறந்த இடம். வாத்துகளுக்குப் பக்கத்திலுள்ள கரிக்கிலி மேல். ஆனால் சரணாலயங்களில் நுழைவு நேரம் உண்டு, விடியுமுன் உள்ளே போய் உட்கார முடியாது. அதனால் பழகுவதற்கு நடுத்தர அளவுள்ள ஒரு ஊர் ஏரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஏரிக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். வாரம் ஒரு ஏரி என்று சுற்றுபவர்களுக்குப் பறவைப் பெயர்கள் கூடும், பறவைகளின் பழக்கம் பிடிபடாது.

2. கையில் இருக்க வேண்டியவை

8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லையுள்ள பைனாகுலர் போதும். 10 மடங்கு, 12 மடங்கு என்று போனால் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் சுருங்கும். வேட்டையைப் பார்க்கப் பரப்புதான் முக்கியம்.

நோட்டு, பென்சில், தண்ணீர், தொப்பி, கரையில் விரித்து உட்கார ஒரு சாக்கு அல்லது சின்ன ஸ்டூல். நின்றுகொண்டு ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருக்க யாராலும் முடியாது, உட்கார்ந்தால் முடியும். மண் நிறம், காய்ந்த புல் நிறம், மங்கிய பச்சை ஆகிய நிறங்களில் உடை. வெள்ளைச் சட்டை கண்டிப்பாக வேண்டாம்.

கரைகளில் கண்ணாடி விரியன் உண்டு. இருட்டில் நடக்க டார்ச்சும் கணுக்கால் மூடிய காலணியும் வேண்டும். செருப்போடு வரும் நண்பர்களை நான் விடிந்த பிறகே கரையேற விடுவேன்.

கேமரா இரண்டாம் மாதத்தில் வரட்டும். படம் எடுக்கும் கண் ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். இங்கே நமக்கு வேண்டியது முழு ஏரி. கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு இழுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அது பறவையின் நேரத்தையும் தெம்பையும் வீணாக்குகிறது, நீங்கள் பார்க்க வந்த இயல்பான நடத்தையையும் கெடுக்கிறது.

3. வெயிலும் காற்றும் பார்த்து இடம் பிடித்தல்

இந்தப் பக்கத்து நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது. அதனால் ஏரிகளின் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் வளைந்து கிடக்கும், மேற்கே ஆழம் குறைந்து உள்வாய் புல்வெளியாக முடியும். காலை நேரத்துக்கு இது நல்ல வசதி. கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவைகளின் நிறம் முழுவதும் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். பருந்து அடையாளத்தில் நேரும் குழப்பங்களில் பாதி இதனால் வருபவை.

அடுத்தது காற்று. வாத்து காற்றை எதிர்த்து எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். உட்கார்ந்திருக்கும்போதும் முகத்தைக் காற்றுப் பக்கம் வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் இறகு கலைந்துவிடும். குளிர்காலக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் கிழக்குக் கரையில் இருப்பவருக்கு வாத்துகளின் முகம் தெரியும். எழும்போதும் அவை உங்கள் பக்கமாக எழும். முகம் தெரிந்தால்தான் கழுத்து நீள்வதையும் தலை சாய்வதையும் படிக்க முடியும்.

மாலையில் இதையே திருப்பிப் போடுங்கள். மேற்கு அல்லது தென்மேற்கு ஓரத்தில், உள்வாய்ப் பக்கம் உட்காருங்கள். சூரியன் முதுகில் இருக்கும், காற்று ஏரியிலிருந்து உங்கள் முகத்துக்கு வரும். காட்டுப்பூனைக்கும் நரிக்கும் மூக்குக் கூர்மை. உங்கள் வாடை ஏரிப் பக்கம் போகாமல் இருந்தால் அவை நீரோரம் வர வாய்ப்பு உண்டு.

கரையின் உச்சியில் உட்காராதீர்கள். வானத்தின் பின்னணியில் ஓர் ஆள் உருவம் தெரிந்தால் அரை கிலோமீட்டர் தூரத்து வாத்தும் நகர்ந்துவிடும். நீர்ப்பக்கச் சரிவில், ஒரு வேலமரமோ பனையோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்தால் உங்கள் உருவம் அதில் கரைந்துவிடும்.

4. விடியுமுன் உட்காருதல், முதல் அரைமணி நேரம்

ஜனவரியில் சென்னைப் பக்கம் சூரியன் வர ஆறரை மணி ஆகிவிடும். ஆறு மணிக்கு முன்பே இடத்தில் இருங்கள். வெளிச்சம் வந்த பிறகு நடந்து வந்தால் நீங்களே அன்றைய முதல் வேட்டையாடி ஆகிவிடுவீர்கள். ஏரி முழுவதும் எழுந்து, திரும்ப அமைதியாக நெடுநேரம் ஆகும்.

முதல் அரைமணி நேரம் எதையும் தேடாதீர்கள். ஏரியின் சாதாரண நிலை என்ன என்று மட்டும் பாருங்கள். எந்தக் கூட்டம் தூங்குகிறது, எது மேய்கிறது, பறவைக்கும் பறவைக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு சத்தம். இது தெரியாமல் மாற்றம் தெரியாது.

ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பெரும்பாலும் இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஏரி நடுவே ஓய்வெடுக்கும். அவை அலகை முதுகில் செருகிக்கொண்டு மிதப்பதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். கூட்டத்தின் ஓரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஓரத்து வாத்து வெளிப்பக்கக் கண்ணைத் திறந்து வைத்தபடி தூங்கும். மல்லார்டு வாத்துகளில் இதை ஆய்வு செய்தே உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்: மூளையில் ஒரு பாதி உறங்க, மறு பாதி காவல் இருக்கிறது.

நோட்டில் நான்கு வரி போதும். நேரம், காற்று, யார் எங்கே, என்ன செய்கிறார்கள். புதியவர்கள் தவறாமல் தாண்டிப் போகும் படி இதுதான். தாண்டினால் அடுத்த படி புரியாது.

5. எச்சரிக்கைகளைப் படித்தல்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு ஆபத்துக்கு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். அவற்றைச் சேர்த்து வாசித்தால் வருவது யார், எந்த உயரத்தில் என்பது வரை சொல்லிவிடலாம்.

ஆள்காட்டி: எல்லாவற்றுக்கும் கத்துவதால் பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அது கத்துவதைவிட எங்கே கத்துகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே இடத்துக்கு மேலே வட்டமிட்டு, தாழ்ந்து தாழ்ந்து கத்தினால் கீழே நிலத்தில் ஏதோ இருக்கிறது. நாயோ நரியோ கீரியோ உடும்போ, சில சமயம் ஆடு மேய்ப்பவரோ. ஆள்காட்டி நகர்ந்துகொண்டே கத்தினால் கீழே இருப்பதும் நகர்கிறது என்று பொருள். நெடுங்கால் உள்ளானும் இதேபோல் கூரிய குரலில் கத்தித் துரத்தும், முட்டைக் காலத்தில் இன்னும் அதிகம்.

நாமக்கோழி: தாழ்வாக வரும் பூனைப்பருந்துக்கு இதைவிட நல்ல அறிகுறி இல்லை. சிதறி மேய்ந்துகொண்டிருந்த நாமக்கோழிகள் சத்தமில்லாமல் ஒன்றை நோக்கி ஒன்று நீந்தத் தொடங்கும். சில நிமிடங்களில் சம்பு ஓரத்தைவிட்டு விலகி, திறந்த நீரில் உடம்போடு உடம்பு ஒட்டிய கறுப்புத் திட்டு ஆகிவிடும். பருந்துக்குத் தனித்து நிற்கும் ஒரு பறவை வேண்டும், நெருங்கிய கூட்டத்தில் குறி வைப்பது கடினம். அவை சேரத் தொடங்கியதும் பைனாகுலரை எடுக்காமல் வெறும் கண்ணால் சம்புவின் மேல்விளிம்பை இடமிருந்து வலமாகப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பருந்து வந்துகொண்டிருக்கும்.

வாத்து: மூன்று நிலை. முதலில் கழுத்து நீளும், தூங்கியவை விழிக்கும், சத்தம் அடங்கும். இரண்டாவது, தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும். வாத்துக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் உயரத்தில் உள்ளதைக் கூர்ந்து பார்க்க இப்படித்தான் சாய்க்க வேண்டும். அது சாய்த்த கோணத்தைத் தொடர்ந்து போனால் கழுகு எவ்வளவு உயரத்தில் என்பது கிடைக்கும். மூன்றாவது எழுந்து பறப்பது.

மூன்றாவது நிலையில்தான் நுட்பம். பூனைப்பருந்துக்கும் பெரிய கழுகுக்கும் வாத்துகள் எழுந்து, ஒரு சுற்று சுற்றி, சற்றுத் தள்ளி இறங்கும். ஏனென்றால் அவை நீரிலும் நிலத்திலும் இருப்பதை அள்ளுபவை. பைரி என்னும் வேகமான வேட்டைப் பறவை வந்தால் நிலைமை தலைகீழ். பைரி பறக்கும் பறவையை அடிப்பது, எனவே வாத்துக்குத் தண்ணீர்தான் பாதுகாப்பு. உட்கார்ந்திருப்பவை எழாமல் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பறந்துகொண்டிருந்தவை கல் விழுந்த மாதிரி நீரில் இறங்கும். பறக்கும் வாத்துகள் திடீரென்று நீரில் விழுந்தால் உடனே மேலே பாருங்கள்.

சின்ன உள்ளான்கள்: கொசு உள்ளான் கூட்டம் ஒரே உருண்டையாக இறுகி, திரும்பும்போது ஒரு கணம் வெள்ளையாகவும் மறுகணம் பழுப்பாகவும் மின்னினால் அது பெரும்பாலும் பைரிக்கு. சும்மா இடம் மாறும்போது அவ்வளவு இறுக்கமாகப் பறக்காது.

சம்புக்குள்ளிருந்து வரும் குரல்கள்: நீலத் தாழைக்கோழி தண்டில் ஏறி நின்று, வாலைச் சொடுக்கிச் சொடுக்கி அடிப்பக்க வெள்ளையைக் காட்டிக்கொண்டு உரக்கக் கத்தினால், கீழே புதருக்குள் ஏதோ நடமாடுகிறது. காட்டுப்பூனை, கீரி, பாம்பு எதுவாகவும் இருக்கலாம். அந்தப் புதரின் நீரோரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

காகமும் கரிச்சானும்: ஒரு பனையைச் சுற்றிக் காகங்கள் கத்திக்கொண்டே பாய்ந்தால் உச்சியில் பருந்தோ ஆந்தையோ உட்கார்ந்திருக்கும். வேட்டைக்கு முன் பருந்து எங்கே காத்திருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரே தகவல் பெரும்பாலும் இதுதான்.

பொய் எச்சரிக்கைகளும் உண்டு. வலைக்காரர், மாடு, கல்யாணப் பட்டாசு. ஏரி எழுந்தவுடன் முதலில் கரையைச் சுற்றி மனிதர் யாராவது வந்தார்களா என்று பாருங்கள். அப்புறம் வானம்.

6. வந்தது யார் என்று பிரித்தறிதல்

இறகு நிறத்தில் தொடங்காதீர்கள். பறக்கும் விதம், வால், உயரம், அப்புறம்தான் நிறம். தூரத்தில் நிறம் ஏமாற்றும்.

சேற்றுப் பூனைப்பருந்து: சம்புவுக்குச் சற்று மேலே, தாழ்வாக, மெதுவாக, தலையைக் கீழே கவிழ்த்தபடி ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப அலசும். மிதக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி ஆங்கில ‘வி’ எழுத்துபோல் நிற்கும். பெண் பறவை கரும்பழுப்பு, தலையும் தோளும் வெண்ணெய் நிறம். ஆணுக்கு இறக்கையில் சாம்பல் பட்டை, நுனி கறுப்பு.

கரும்பருந்து: ஏரியில் பூனைப்பருந்து என்று தவறாக எழுதப்படுவது பெரும்பாலும் இதுதான். வால் நுனி உள்வாங்கியிருக்கும், பறக்கும்போது வால் முறுக்கும். இறக்கை ‘வி’ ஆகாது. வயதுக்கு வராத செம்பருந்தும் பழுப்பாக இருப்பதால் அதுவும் குழப்பும். அதன் வால் குட்டை, நுனி உருண்டை, இறக்கை தட்டையாக நிற்கும்.

செம்பருந்து: மீன், நண்டு, செத்த மீன், மற்ற பறவையிடம் பறித்தது, வாய்ப்புக் கிடைத்தால் குஞ்சு. வளர்ந்த வாத்துகள் இதைப் பெரிதாக மதிப்பதில்லை. பூனைப்பருந்துக்கு எழும் கூட்டம் செம்பருந்து மேலே போகும்போது மேய்ந்துகொண்டே இருப்பதைப் பார்த்தால், பறவைகள் எவ்வளவு துல்லியமாக ஆள் அறிகின்றன என்று புரியும்.

விரால் அடிப்பான்: மீன் மட்டும்தான். உயரத்தில் நின்று சிறகடித்து, கால்களை முன்னே நீட்டி நீரில் விழும். வந்தவுடன் சில வாத்துகள் எழலாம், சீக்கிரம் அடங்கிவிடும்.

பைரி: பார்க்கக் கிடைப்பது சில விநாடிகள். கூரிய இறக்கை, வேகமான அடி. மேலிருந்து இறக்கையை மடக்கி விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும். காலையில் ஏரியைச் சுற்றியுள்ள உயர்மின் கோபுரங்களையும் கைபேசிக் கோபுரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். பைரிக்கு அவை பிடித்த இருக்கை. உட்கார்ந்திருக்கும் இடம் தெரிந்தால் பாயும்போது தவறவிட மாட்டீர்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவற்றுக்கு அடிப்பக்கம் வெளிர்நிறம், இங்கேயே வாழும் இனத்துக்குச் செம்பழுப்பு.

பெரும்புள்ளிக் கழுகு அபூர்வமாக வரும். வந்தால் ஏரி முழுவதும் சொல்லிவிடும்.

7. ஒரு வேட்டையை முழுவதுமாகப் பார்ப்பது

எச்சரிக்கை கிடைத்தது, ஆளும் தெரிந்தது. இப்போது எல்லோரும் செய்வது, பைனாகுலரைப் பருந்தின் மேல் ஒட்டவைத்து அதன் பின்னாலேயே போவது. அப்படிச் செய்தால் பாய்ச்சல் தெரியும், ஏன் அங்கே பாய்ந்தது என்பது தெரியாது.

பருந்தை வெறும் கண்ணால் பின்தொடருங்கள். அது எந்தக் கூட்டத்தை நெருங்குகிறதோ அந்தக் கூட்டத்தின் மேல் பைனாகுலரை முன்கூட்டியே வையுங்கள். கூட்டத்தில் பிந்தும் பறவையைத் தேடுங்கள்: இறக்கை தொங்குவது, தாமதமாக எழுவது, தனியே ஒதுங்கியது. உங்களுக்கு முன்பே பருந்து அதைத் தேர்ந்திருக்கும்.

நாமக்கோழிக் கூட்டத்தின் மேல் பெண் பூனைப்பருந்து வேலை செய்வதைப் பொறுமையாகப் பார்த்தால் இது தெளிவாகும். கூட்டத்துக்கு மேலே வந்து கால்களைத் தொங்கவிட்டு அப்படியே சிறகடித்து நிற்கும். நாமக்கோழிகள் தண்ணீரை அள்ளி இறைத்துக்கொண்டு கலகலவென்று மூழ்கும். பருந்து போகாது. ஒரு சுற்றுப் போய்த் திரும்ப வரும், அவை திரும்ப மூழ்கும். ஒவ்வொரு முறையும் கூட்டத்தின் விளிம்பில் ஒன்றிரண்டு பறவைகள் முந்தைய முறையைவிடச் சற்றுச் சீக்கிரம் மேலே வரும். மூச்சு போதவில்லை. பருந்து அதற்குத்தான் காத்திருக்கிறது. ஒரு பறவை கூட்டத்தைவிட்டு இரண்டு முழம் விலகி எழுந்துவிட்டால் அதன் மேலேயே நிற்கும், அது மூழ்கி எழும் இடத்துக்கெல்லாம் நகர்ந்து நகர்ந்து நிற்கும்.

பெரும்பாலும் நாமக்கோழி தப்பித்துக் கூட்டத்தில் சேர்ந்துவிடும், அல்லது சம்புக்குள் புகுந்துவிடும். பருந்து சலித்து எலியோ தவளையோ தேடிப் போய்விடும். தோற்ற வேட்டைதான் அதிகம், அதையும் முழுவதும் பாருங்கள். எப்படித் தப்பியது என்பதில்தான் பறவையின் திறமை தெரிகிறது.

பிடித்துவிட்டால் உடனே எழுந்து போய்விடாதீர்கள். நாமக்கோழி ஏறக்குறைய பருந்தின் எடையே இருக்கும், தூக்கிக்கொண்டு தூரம் போக முடியாது. பக்கத்துத் திட்டுக்கோ ஆகாயத்தாமரை மெத்தைக்கோ இழுத்துப் போய் இறகு பிய்க்கும். அடுத்து காகங்களும் கரும்பருந்துகளும் வரும். யார் யாரை விரட்டினார்கள், கடைசியில் யார் தின்றார்கள் என்பது வேட்டையின் இரண்டாம் பாதி.

அதே நேரத்தில் மற்ற நாமக்கோழிகளைப் பாருங்கள். சில நிமிடங்களில் பழையபடி மேயத் தொடங்கிவிடும், அதுவும் பருந்து தின்றுகொண்டிருக்கும் இடத்துக்குக் கிட்டத்திலேயே. தின்னும் பருந்து வேட்டையாடாது என்பது அவற்றுக்குத் தெரியும்.

8. இரவில் வந்தவர்களைத் தடம் பார்த்து அறிதல்

காலைக் கவனிப்பு முடிந்த பிறகு, வெயில் ஏறுமுன் சேற்று ஓரம் நடந்து பாருங்கள். இந்தப் படியை முதலில் செய்தால் பறவைகள் கலைந்துவிடும், அதனால் கடைசியில்.

காட்டுப்பூனைத் தடம் உருண்டை, நகம் பதியாது. நரியும் நாயும் நகம் பதிக்கும். நரித் தடம் சிறியது, ஒடுங்கியது, பெரும்பாலும் ஒரே கோட்டில் நேராகப் போகும். நாய்த் தடம் அங்குமிங்கும் அலையும். நீர்நாய்க்கு ஐந்து விரல், விரலிடைத் தோல் தெரியலாம், பக்கத்தில் மீன் செதிள் நிறைந்த எச்சம் கிடக்கும். உடும்பு நடுவில் வாலை இழுத்த கோடு போடும்.

இறகுக் குவியல் கண்டால் ஒன்றிரண்டு இறகின் அடித்தண்டைப் பாருங்கள். தண்டு முழுதாக இருந்தால் பருந்து இனம் பிடுங்கியது. கடித்து நறுக்கியதுபோல் முறிந்திருந்தால் விலங்கு. இரண்டு இறக்கையும் தோள் எலும்போடு சேர்ந்து மிஞ்சி, மார்பெலும்பின் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தால் பைரியைச் சந்தேகிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: செத்த பறவையைக் கையால் தொடாதீர்கள், குச்சியால் புரட்டினால் போதும். காயமே இல்லாமல் பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தாலோ, கழுத்தைத் தூக்க முடியாமல் உயிரோடு கிடந்தாலோ அது வேட்டை ஆகாது. நோயோ நஞ்சோ இருக்கலாம். விலகி நின்று வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள்.

9. கூடுள்ள இடத்தில் மட்டும் வேறு விதி

மேலே சொன்ன எல்லாம் மேயும், ஓய்வெடுக்கும் பறவைகளுக்கு. கூடு இருக்கும் இடத்தில் நெருங்கிக் காத்திருப்பது கூடாது.

காரணம் எளிது. நீங்கள் நெருங்கினால் தாய் எழும். எழுந்த கூட்டைக் காகம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கொக்கு, நாரை, நீர்க்காகம் கூடுகட்டிய மரத்துக்கு அடியில் ஒருவர் சில நிமிடம் நின்றாலே அண்டங்காக்கைகள் முட்டையைத் தூக்கிவிடும். அந்த வேட்டையை நடத்தியது நீங்கள்தான். அல்லி இலைமேல் முட்டையிடும் இலைக்கோழிக்கும் இதே கதி, அங்கே நீலத் தாழைக்கோழியே முட்டை திருடும். இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். அதை ஒருமுறை கலைத்தால் உதவிக்கு வேறு பறவை கிடையாது.

ஆள்காட்டியோ நெடுங்கால் உள்ளானோ உங்கள் தலைக்கு மேல் பாய்ந்தால், அல்லது இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நடந்தால், நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். காலடியைப் பார்த்து வந்த வழியே திரும்புங்கள். முட்டையைத் தேடிப் படம் எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

10. எழுதி வைத்தல்

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விடாதீர்கள். வரிசை கலைந்துவிடும், வரிசைதான் முக்கியம். கரையிலேயே இப்படி எழுதுங்கள்:

“7.10. வடகிழக்குக் காற்று, மெலிசு. நாமக்கோழி சம்பு ஓரம் சிதறி மேய்கிறது. 7.18 சேரத் தொடங்கின. 7.20 வடக்கிலிருந்து பெண் பூனைப்பருந்து. நீலச்சிறகி எழுந்து தெற்கே இறங்கியது. ஊசிவால் கழுத்து மட்டும் நீட்டியது. பாய்ச்சல் மூன்று, பிடி இல்லை. 7.31 பருந்து மேற்கே. 7.36 மேய்ச்சல் பழையபடி.”

யார் முதலில் உணர்ந்தார்கள், எத்தனை நிமிடம் கழித்துப் பருந்து தெரிந்தது, எத்தனை நிமிடத்தில் அடங்கியது. இந்த மூன்றும் இருந்தால் போதும். தோற்ற பாய்ச்சல்களை எழுதாமல் விடுவது பொதுவான தவறு. வெற்றியை மட்டும் எழுதினால் பருந்து எப்போதும் ஜெயிக்கிறது என்று உங்கள் நோட்டு பொய் சொல்லும்.

பறவை எண்ணிக்கையை ஈபேர்ட் செயலியில் ஏற்றலாம். 1987 முதல் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டால் எண்ணும் பழக்கம் வேகமாக வரும். அங்கே ஒரு கூட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது கழுத்துகள் நீண்டால், எண்ணிய எண்ணை முதலில் எழுதிவிட்டு அப்புறம் மேலே பாருங்கள்.

11. கரையைவிட்டு எழுந்து போவது

ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறியதும் பருந்துகள் காற்றோடு உயரே ஏறிவிடும், தாழ்வான வேட்டை குறையும். அதுவே கிளம்ப நேரம். ஒரு வேட்டை நடந்து முடிந்த உடனே எழாதீர்கள். கலைந்த கூட்டம் இப்போதுதான் அடங்குகிறது, இரண்டாம் முறை கலைத்தால் அந்தப் பகுதியையே விட்டுப் போய்விடும். மேய்ச்சல் தொடங்கும்வரை இருந்து, குனிந்தபடி கரையின் மறுபக்கச் சரிவில் இறங்கி, மதகுப் பக்கம் சுற்றி வெளியே வாருங்கள்.